நின்றதும் நிறுத்தியதும்

ஜூன் 14

போனைப் பாதியில் வைத்துவிட்ட அண்ணாவுக்கு,

கோபத்தில் எழுதவில்லை. கோபமாக இருந்தால் திரும்பப் போன் செய்திருப்பேன். போனில் நீ குறுக்கே பேசுவாய். வகுப்பில் நின்று பாடம் நடத்தி நடத்தி, அடுத்தவர் தொடங்கிய பேச்சை நீயே முடித்துவைக்கிற பழக்கம் உனக்கு வந்துவிட்டது. கடிதத்தில் அது நடக்காது. நான் முற்றுப்புள்ளி வைக்கிறவரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாக வேண்டும்.

அன்று சொல்ல வந்தது இதுதான். மாலைப் பள்ளியில் உயர்நிலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சேரட்டுமா என்று கேட்கக் கூப்பிடவில்லை, சேர்ந்துவிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ, "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இங்கிலீஷு? பேரன் பேத்தி எடுக்கிற நேரத்துல" என்று சிரித்தாய். பின்னால் அண்ணி சிரித்ததும் கேட்டது. பேரன் பேத்தி வரும்போது வரட்டும். அதுவரை நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

தையல் ஆலையில் நான் செக்கிங் மேஜையில் இருப்பது உனக்குத் தெரியும். எங்கள் பிரிவில் லைன் சூப்பர்வைசர் இடம் காலியாகப்போகிறது. அதை என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்ணுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அவளிடம் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது, என்னிடம் இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு வேலை அத்துப்படிதான்க்கா, பேப்பர்தான் இல்லையே" என்றார். பேப்பர்தானே, வாங்கிவிட்டால் போகிறது என்று கிளம்பிவிட்டேன்.

மற்ற பாடங்களை ஒரு கை பார்த்துவிடுவேன். ஆங்கிலம்தான் மூன்று தலை பூதம். இலக்கியம் தனி, இலக்கணம் தனி, கட்டுரை தனி, மூன்றுக்கும் மூன்று ஆசிரியர்கள். இலக்கிய டீச்சர் கவிதை வாசித்தால் அவருக்கே கண் கலங்கிவிடும், அதனால் கைக்குட்டை டீச்சர். இலக்கணம் எடுப்பவர் கமா சார். கமா இல்லாத இடத்தில் மூச்சு விட்டால்கூட அவருக்குப் பிடிக்காது. கட்டுரை டீச்சர் ரொம்பச் சின்னவர், என் மகள் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். தாளின் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பகலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சுதான் எங்களுக்கும். முழங்காலை மடக்கினால் மேஜை தூக்கிக்கொள்கிறது. எனக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர், அந்தப் பக்கம் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர்.

முதல் நாளே கமா சார் ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "நமக்கு எல்லாமே இதுதான்" என்றார். அட்டையில் உன் பெயர். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் இவர் என் அண்ணன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. நான் பாஸானால் நான்தான் பாஸாக வேண்டும்.

உன் மாப்பிள்ளை சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு இலக்கணம் படிப்பதற்குத் தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்.

உன் தங்கை


ஜூன் 25

வாயாடித் தங்கைக்கு,

நீ சொன்னபடியே வாயை மூடிக்கொண்டு கடைசி முற்றுப்புள்ளிவரை படித்தேன். சிரித்தது தப்புதான் என்று உன் அண்ணி சொல்கிறாள். அவளும்தான் சிரித்தாள், அது அவளுக்கு இப்போது மறந்துவிட்டது.

சேர்ந்தது சேர்ந்துவிட்டாய். இனி முறையாகச் செய்வோம். இலக்கியத்தில் மெனக்கெடாதே. எந்தக் கவிதையானாலும் கேள்விகள் ஒரே மாதிரிதான் வரும், விடைகளைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். இலக்கணத்துக்கு என் புத்தகமே போதும். ஒரு நாளைக்கு ஒரு பயிற்சி போடு, தாண்டித் தாண்டிப் போகாதே. கட்டுரையைப் பற்றி நீ கவலையே படவேண்டாம், அதை என்னிடம் விட்டுவிடு. எந்தத் தலைப்பைக் கேட்பார்கள், எப்படிக் கேட்பார்கள் என்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் எழுதி அனுப்புகிறேன், நீ மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

உங்கள் கமா சார் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன். ஒரு காலத்தில் என்னிடம் ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவன். போனில் கூப்பிட்டு, "என் தங்கச்சிடா, பாத்துக்கோ" என்றேன். கோபித்துக்கொள்ளாதே. அண்ணன் இருக்கும்போது நீ ஏன் அநாதை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்? உங்கள் பள்ளி முதல்வருக்கும் என்னைத் தெரியுமாம்.

முழங்கால் வலிக்கு எழுந்து எழுந்து நட. மாப்பிள்ளைக்கு என் அனுதாபங்கள்.

அண்ணன்


ஆகஸ்ட் 3

சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்ட அண்ணாவுக்கு,

இப்போது கமா சார் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். நான் மாணவி, அவர் ஆசிரியர், அவர் எழுந்து நிற்கிறார். லாரி டிரைவர் என்னை "பெரிய இடம்" என்று கூப்பிடுகிறார். நல்லா இருக்கு உன் வேலை.

நீ அனுப்பிய கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்து எடுத்து வை. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதில் 'நான்' என்று வருகிற ஆள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அந்த ஆள் காலையில் எழுந்து பூங்காவில் நடக்கிறார், பறவைகளைப் பார்க்கிறார், வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறார். நான் காலையில் எழுந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். பறவை என் தலையில் எச்சம் போட்டால்தான் பறவை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரும்.

என் கட்டுரையை நானே எழுதினேன். 'என் வாழ்வின் திருப்பம்' என்று தலைப்பு. எழுதி முடித்துத் தைரியமாக எழுந்து வாசித்தேன். "ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது" என்று சொல்ல நினைத்து, 'மை ஸ்கூல் ஸ்டுட்' என்று எழுதியிருந்தேன். நின்றதற்கு ஸ்டுட் என்றுதானே உன் புத்தகத்தில் பட்டியல் போட்டிருக்கிறது? வகுப்பே கொல்லென்று சிரித்தது. லாரி டிரைவர், "ஏன்க்கா, அதுவரைக்கும் ஸ்கூலு உக்காந்தா இருந்துச்சு?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். காலால் நிற்பதற்குத்தான் ஸ்டுட், படிப்பு நிற்பதற்கு ஸ்டாப்டு என்று கட்டுரை டீச்சர் திருத்தினார். திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. யார் நிறுத்தியது?

நான் டீச்சரிடம் போய், "இதுல தப்பு இருக்கா டீச்சர்?" என்று கேட்டேன். "தப்பு ஒண்ணும் இல்ல. வாக்கியம் சரிதான். ஆனா படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணும் இல்லையா? எனக்குத் தோணுச்சு" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நம் வீட்டில் இத்தனை காலமாக எல்லோரும் சொன்னது ஒரே சொல்தான். "அவ படிப்பு நின்னுபோச்சு." மழை நின்னுபோச்சு, கடிகாரம் நின்னுபோச்சு, அவ படிப்பு நின்னுபோச்சு. நானே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், என் மகளிடம்கூட. யாரும் எதுவும் செய்ததாக அந்தச் சொல்லில் இல்லை.

உனக்குத் தெரியாமல் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் சொல்கிறேன். அந்த வரியை மாற்றிவிட்டேன். 'மை பிரதர் ஸ்டாப்டு மை ஸ்கூல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தங்கை


ஆகஸ்ட் 18

தங்கைக்கு,

கட்டுரைகள் கிடைத்தன. பூங்காவில் நடப்பது நான்தான். டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீ எழுதிய வாக்கியம் தவறு. 'ஸ்டாப்டு மை ஸ்கூல்' என்றால் உன் அண்ணன் பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிவிட்டான் என்று பொருள் வரும். படிக்கிறவன் என்னைக் கல்வி அதிகாரி என்று நினைத்துக்கொள்வான். 'ஸ்டாப்டு மீ ஃப்ரம் கோயிங் டு ஸ்கூல்' என்று வரவேண்டும். யாரை, எதிலிருந்து என்பது இரண்டும் தெளிவாக இருக்க வேண்டும். என் புத்தகத்தில் பதினோராவது பாடத்தைப் பார்.

இலக்கணம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்ன எழுதியிருக்கிறாய் என்று யோசித்தாயா? அந்தச் சின்னப் பெண் ஓரத்தில் எதையோ கிறுக்கிவிட்டாள் என்பதற்காக வீட்டு விஷயத்தைத் தூக்கித் தாளில் வைப்பதா? அப்பா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்துவிட்டார், அம்மா ஆஸ்பத்திரியில் சலவை வேலைக்குப் போனாள். வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. இதில் நிறுத்தியது யார், நிறுத்தாதது யார்?

சரி, பள்ளிக் கட்டுரைதானே. மார்க் போட்டுக் கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். போகட்டும் என்று விடுகிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 1

திருத்திக் கொடுத்த அண்ணாவுக்கு,

நீ சொன்ன மாதிரியே போட்டுவிட்டேன். 'மை பிரதர் ஸ்டாப்டு மீ ஃப்ரம் கோயிங் டு ஸ்கூல்.' டீச்சர் அடிக்கோடிட்டு 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறார். அந்த வரிக்குப் பாதி மார்க் உன்னுடையது.

என்ன நடந்தது என்று நீ எழுதியிருக்கிறாய். நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நீ கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாய். அப்பா கட்டிலில் படுத்தபடி, "என்னடா பண்ணலாம்?" என்று உன்னைத்தான் கேட்டார். நான் பக்கத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். நீ கையில் இருந்த புத்தகத்தைக்கூட மூடவில்லை. "அவ நின்னுக்கட்டும்பா. பொண்ணுக்கு இது போதும்" என்றாய். என் பள்ளிக்கூடப் பை நல்ல கனத்த துணி என்று அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்தாள்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கடைசிவரை நான்தான் அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். "உன் கை நடுங்காது" என்று என்னைத் தவிர யாரையும் கத்தியைத் தொடவிடமாட்டார். என்னைக் கேட்டிருந்தால் நானே நின்றுகொள்கிறேன் என்று சொல்லியிருப்பேன், இல்லை முடியாது என்று சண்டை போட்டிருப்பேன். எதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்கவே இல்லையே. என் வயிற்றெரிச்சல் அதுதான், வேறு ஒன்றும் இல்லை.

தங்கை


ஜனவரி 11

தங்கைக்கு,

இடையில் நான்கு மாதம் நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. அதைப் பற்றி இப்போது பேசவேண்டாம்.

நேற்று உங்கள் பள்ளி முதல்வர் போன் செய்தார். ஆண்டு நிறைவு விழாவுக்கு நான்தான் சிறப்பு விருந்தினராம். ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு குரலில் அப்படி ஒரு உற்சாகத்தோடு, "உங்க தங்கச்சி கட்டுரையைத்தான் சார் மேடையில வாசிக்கத் தேர்ந்தெடுத்திருக்கோம், என்ன ஒரு பொருத்தம் பாருங்க" என்றார். எந்தக் கட்டுரை என்று கேட்டேன். 'என் வாழ்வின் திருப்பம்'தானாம். அவர் இன்னும் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

நான் மேடையில் உட்கார்ந்திருப்பேன். என் புத்தகத்தைப் படித்தவர்கள், என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் கீழே இருப்பார்கள். நீ மைக்கின் முன்னால் நின்று, என் அண்ணன் என்னைப் பள்ளிக்குப் போகவிடாமல் தடுத்தார் என்று வாசிப்பாய். பிறகு நான் எழுந்து கல்வியின் பெருமையைப் பேச வேண்டும். இதுதானே உன் விருப்பம்?

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையில் போடு. 'ஐ வாஸ் ஸ்டாப்டு ஃப்ரம் கோயிங் டு ஸ்கூல்.' நான் தடுக்கப்பட்டேன். பொருள் மாறவில்லை, உண்மை மாறவில்லை, இலக்கணமும் சரி. செய்தவர் முக்கியமில்லாத இடத்தில் செய்தவரைச் சொல்லாமல் விடலாம் என்பது விதி. காரணம் வறுமை, நோய், அந்தக் காலம். யாரென்று ஒருவரைக் காட்ட முடியாத இடத்தில் இதுதான் நேர்மையான வாக்கியம்.

உன் கல்யாணத்தை நடத்தியது யார்? மாப்பிள்ளையைத் தேடி ஊர் ஊராக அலைந்தது யார்? உன் மகளுக்குக் கல்லூரியில் இடம் வாங்க யார் யார் வாசலிலோ நின்றது யார்? அதற்கெல்லாம் ஒரு வாக்கியம் இல்லை உன்னிடம். நான் என்றோ இருபது வயதில் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொன்ன ஒரு சொல்லுக்கு மட்டும் வாக்கியம் இருக்கிறது.

மாற்று. மாற்றாமல் வாசித்தால், இனி உன் வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன்.

அண்ணன்


ஜனவரி 20

மதிப்புக்குரிய சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே முதல்வர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். நீங்கள் அவரிடம் மறுபடியும் பேசியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. "ஒரே ஒரு வரிதானே மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே. சார் எவ்வளவு பெரிய மனுஷர்" என்றார். கமா சார் பக்கத்தில் நின்றுகொண்டு, செயப்பாட்டு வினை இன்னும் கம்பீரமாக இருக்கும் என்றார். கட்டுரை டீச்சரையும் வரவழைத்திருந்தார்கள். அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அது அவங்க வாக்கியம் சார். நான் சொல்லி எழுதல, நான் சொல்லி அழிக்கவும் மாட்டேன்" என்றார். சின்னப் பெண் என்று எழுதினீர்களே, அவர்தான்.

உங்கள் புத்தகத்தில் செயப்பாட்டு வினைப் பாடத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஜாடி உடைக்கப்பட்டது. கடிதம் கிழிக்கப்பட்டது. சிறுமி வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். பாடம் முழுக்க ஏதேதோ நடக்கிறது, செய்தவர் ஒருத்தரும் ஊரில் இல்லை. விதி சரிதான், நான் அதில் குறை சொல்லவில்லை. செய்தவர் முக்கியமில்லாதபோது விட்டுவிடலாம். எனக்கு முக்கியம். வாக்கியம் என்னுடையது என்றால், யார் முக்கியம் என்று சொல்ல வேண்டியதும் நான்தானே?

கல்யாணத்தைச் சொன்னீர்கள், கல்லூரி இடத்தைச் சொன்னீர்கள். அதற்கு வாக்கியம் இல்லை என்றா சொல்கிறீர்கள்? நம் வீட்டில் அதைத் தவிர வேறு என்ன பேச்சு? "அண்ணன்தான் கல்யாணம் பண்ணி வச்சார். அண்ணன்தான் சீட்டு வாங்கிக் கொடுத்தார்." நான் சொல்கிறேன், உங்கள் மாப்பிள்ளை சொல்கிறார், என் மகள் தன் தோழிகளிடமெல்லாம் "எங்க மாமா வாங்கிக் குடுத்தார்" என்று சொல்கிறாள். கல்யாணம் ஆகிப்போச்சு, சீட்டு கிடைச்சுப்போச்சு என்று நாங்கள் யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? செய்த நல்லதெல்லாம் உங்கள் பெயரோடு இருக்கிறது. என் படிப்பு மட்டும் தானாக நின்றுபோச்சா?

உங்களை அவமானப்படுத்த நான் ஆசைப்படவில்லை. நீங்கள் என் அண்ணன் என்பதை நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லாதே என்று முதல் கடிதத்திலேயே கெஞ்சினேன். பெருமையோடு ஊரெல்லாம் சொன்னது நீங்கள். சொல்லாமல் இருந்திருந்தால் மேடையில் நான் யாரோ, நீங்கள் யாரோ.

மாற்றமாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் கெஞ்சினாலும் நடக்காது, மிரட்டினாலும் நடக்காது. வாசலை மிதிப்பதும் மிதிக்காததும் உங்கள் இஷ்டம். வாசல் திறந்துதான் இருக்கும், அதை நான் மூடப்போவதில்லை.

இப்படிக்கு,
மாலைப் பள்ளி மாணவி


ஜனவரி 29

தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். பிழை தேடிப் படிப்பது என் பழக்கம். அகப்படவில்லை.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நீ பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என்னை வாடா போடா என்று கூப்பிட்டு, அம்மாவிடம் அடி வாங்கி, பிறகு நீ வா போ என்று வந்தவள். இத்தனை பெரிய மரியாதை எனக்கு எங்கே கொடுத்து வைத்திருக்கிறது? நீ என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். உன் அண்ணியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். யார் பக்கம் என்று சொல்லவே இல்லை.

விழாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம். நானும் யோசித்தேன். ஆனால் பயந்து ஒளிந்துகொண்டான் என்ற பேர் எனக்கு வேண்டாம். வருவேன். மேடையில் உனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னால் அதை வாசிக்க முடிந்தால் வாசி.

அண்ணன்


பிப்ரவரி 16

எழுந்து போன அண்ணாவுக்கு,

ரயில் கிடைத்ததா என்று தவித்துக்கொண்டிருந்தேன். அண்ணி போன் செய்து நீ வந்து சேர்ந்துவிட்டாய், சாப்பிடாமல் படுத்துவிட்டாய் என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு எழுத உட்கார முடிந்தது.

உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசி என்றாய். பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அழுதால் எல்லோரும் பாவம் என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். கீழே ஆலையிலிருந்து என் மேஜைக்காரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உன் மாப்பிள்ளை கையைத் தட்டி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டார்.

அந்த வரியை வாசித்தேன். நீ திருத்திக் கொடுத்தபடியே, ஒரு எழுத்து மாறாமல் வாசித்தேன். உன் நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் நிமிர்ந்து, நீ படியில் இறங்கியதைப் பார்த்தேன். முதல்வரும் பின்னாலேயே ஓடினார். கமா சார் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மேற்கூரையைப் பார்த்தார். கூட்டம் முழுவதும் திரும்பி உன் முதுகைப் பார்த்தது. நான் நிறுத்தினேன்.

நிறுத்தினேன் என்றுதான் சொல்கிறேன். நின்றுபோகவில்லை. நீ கதவைத் தாண்டிப் போகிறவரை வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஓடிவந்து உன் கையைப் பிடித்து இழுக்கலாமா என்றுகூட இருந்தது. சின்ன வயதில் நீ கோபித்துக்கொண்டு போனால் அப்படித்தான் செய்வேன். அப்போது லாரி டிரைவர் பின்னாலிருந்து, "பெரிய இடம், மிச்சத்தையும் படிங்க" என்று கத்தினார். மறுபடியும் தாளைப் பார்த்தேன், விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

அதற்குப் பிறகு உச்சரிப்பில் இரண்டு இடத்தில் தடுக்கினேன், ஒரு இடத்தில் வரியைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்தேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒரு இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அது நான் சிரிக்க வைத்த இடம். சட்டைக் காலரில் தைக்கிற துண்டுத் துணியில் 'தனியாகத் துவைக்கவும்' என்று ஆங்கிலத்தில் இருக்குமே, அதை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் நான் ஆங்கிலம் படித்தேன் என்றும், அதனால் ரொம்ப நாளாக ஆங்கிலம் என்றாலே துவைப்பது, பிழிவது, தேய்ப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றும் எழுதியிருந்தேன். என் மேஜைக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் கைக்குட்டை டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். அவர் எதற்கும் எடுப்பார், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கட்டுரை டீச்சர் எழுந்து நின்றார், அதைச் சேர்த்துக்கொண்டேன்.

தேர்வு அடுத்த மாதம். சூப்பர்வைசர் இடத்துக்கு அதுவரை ஆள் போடமாட்டோம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எப்படியும் எழுதுவேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நிறைய இருக்கிறது. நீ எழுந்து போனதற்குத்தான் இப்போது அதிகம். உன்னைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருப்பேன் என்று நினைத்தாயா? அதில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் அண்ணா. அது முடிந்ததும் நீ எழுந்துவிட்டாய். மிச்சத்தில் நீ எங்குமே இல்லை, அதெல்லாம் நான்.

அதை உனக்குத் தபாலில் அனுப்பமாட்டேன், திருத்தி அனுப்பிவிடுவாய். கேட்க வேண்டும் என்று தோன்றினால் புறப்பட்டு வா. வந்து என் எதிரில் உட்கார். நான் வாசிக்கிறேன். இந்த முறை முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது.

உன் தங்கை